தோல்வியில் யாருக்குப் பங்கு?

அறுபது பேர் தேர்வெழுதி முப்பது பேர் தவறினால், "பிள்ளைகள் படிக்கவில்லை" என்று சொல்லிவிடுவது எளிது. முப்பது பேரும் ஒரே கணக்கில் தவறியிருந்தால்? அந்தக் கணக்கு அவர்களுக்குச் சென்று சேரவில்லை என்றுதானே பொருள்!

இது புதிய கருத்தன்று. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், மாணாக்கரின் இலக்கணத்துக்கு முன்பாகவே ஆசிரியரின் இலக்கணத்தை வைத்தார். கேட்பவன் கொள்ளும் வகையறிந்து சொல்வதே பாடம் சொல்லும் முறை என்றார். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. பாடத்தை உரிய காலத்தில் முடிப்பதோடு ஆசிரியர் கடமை தீர்வதில்லை. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவையானால் கூடுதலாகவும் கற்பிக்க வேண்டும். ஆம், நடத்தி முடிப்பது வேறு. கற்பித்து முடிப்பது வேறு!

அச்சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தேவை நிற்கவில்லையே! அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குச் செல்லும் தந்தை. தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டு படித்துவிட்டு ஆங்கிலத்தில் இயற்பியல் கேட்கும் மகன். ஐயம் தீர்க்க வீட்டில் ஆளில்லை, டியூஷனுக்குப் பணமில்லை. என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எம்மனோர்க்கு வகுப்பறையை விட்டால் வேறு கதியில்லை.

பொறுப்பேற்கும் ஆசிரியரை மாணவர் எப்படிப் போற்றுவர் என்பதை 2018 ஜூனில் நாடே கண்டது. திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டை அடுத்த வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில், மாறுதல் ஆணை பெற்ற ஆங்கில ஆசிரியரைப் போகவிடாமல் பிள்ளைகள் கட்டிக்கொண்டு அழுதனர். அந்த மாறுதலே நிறுத்தி வைக்கப்பட்டது! எந்த ஆணையாலும் வாங்க முடியாத கண்ணீர் அது.

ஆசிரியர்களின் சுமையை நாம் மறக்கலாகாது. பதிவேடுகளும் படிவங்களும் அவர்கள் நேரத்தைத் தின்கின்றன. அதைக் குறைப்பது அரசின் பொறுப்பு. வகுப்புக்கு வருவதும், புரியாததைக் கூசாமல் கேட்பதும் நம் பொறுப்பு.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் இன்டர்னல் தேர்வுக்குப் பின்னும், தவறியவர்களுக்கென வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தவறிய அதே பகுதியைத் தமிழில் விளக்கி, மீண்டும் ஒருமுறை எழுத வையுங்கள். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், நிதி வேண்டாம், மனம் போதும்.

நாங்கள் வென்றால் "என் மாணவன்" என்று பெருமை கொள்கிறீர்கள். தோற்கும்போதும் அதே உரிமையோடு "என் மாணவன்" என்று சொல்லுங்கள், நாங்கள் எழுந்துவிடுவோம்!