ப்ளஸ்ஸை மைனஸ் ஆக்கினா பாட்டு மாறுமா?

ஹாஸ்டல் ரூம்ல செகண்ட் ஹேண்ட் ஆம்ப்ளிஃபயரும் ரெண்டு ஸ்பீக்கரும் வெச்சிருக்கீங்களா? அப்போ, 'போலாரிட்டி சரியில்லைன்னா பாட்டோட உயிரே போயிடும்'னு உபதேசம் பண்ற சீனியர் ஒருத்தராவது உங்களுக்கு வாய்ச்சிருப்பார். அவர் பேச்சைக் கேட்டு பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க பாஸ்!

ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் சிவப்பு, கறுப்பு ஒயர் இடம் மாறினா கதை கந்தல்தான். ஒரு கோன் காற்றை முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்கும். பேஸ் மெலிஞ்சிடும். நடுவுல நிக்க வேண்டிய குரல் எங்கேயோ அலையும். இதுல சந்தேகமே இல்லை. ரெண்டையும் சேர்த்து மாத்தினா? அங்கேதான் சண்டை!

1982-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிப்ஷிட்ஸ், வாண்டர்கூய் குழுவினர் இதைச் சோதிச்சாங்க. மேல் பாதியும் கீழ் பாதியும் சமமா இல்லாத சில டோன்களை ஹெட்போன்ல கேட்டா வித்தியாசம் தெரியுது. சாதாரண இசையில அது ரொம்ப ரொம்ப நுணுக்கம். ஆனா, கிளார்க் ஜான்சன் 1988-ல் 'தி வுட் எஃபெக்ட்'னு ஒரு புத்தகமே எழுதி, 'இது பெரிய விஷயம்'னு வாதாடினார்.

சரி, எது 'சரியான' போலாரிட்டி? மிருதங்கத்தையே எடுத்துக்கங்க. வலந்தலையைத் தட்டினா அந்தத் தோல் உள்ளே போகும். உள்ளே இருக்கிற காற்று தொப்பியை வெளியே தள்ளும். ரெண்டு பக்கமும் மைக் வெச்சா, அந்த முதல் நொடித்துளியில ரெண்டும் நேர் எதிர்! ஒரே கச்சேரிக்குள்ளேயே இப்படின்னா, வீட்டு ஒயர்ல என்னத்தை நேராக்குறது?

இன்னொரு விஷயம். நவம்பர் முதல் மார்ச்சுக்குள்ள வேடந்தாங்கல் போனா, ஏரிக்கரை இரைச்சலை செல்போன்ல பதிவு பண்ணிட்டு வாங்க. கொக்கு, நாரை, நீர்க்காகம்னு நூத்துக்கணக்குல ஒண்ணா கத்தும்போது அலையோட மேடும் பள்ளமும் கிட்டத்தட்ட சமமாகிடும். அதைத் தலைகீழாக்கினாலும் காது கண்டுபிடிக்கிறது கஷ்டம். தனியா ஒருத்தர் பேசுற குரல் அப்படியில்லை. அதுல மேடும் பள்ளமும் பெரும்பாலும் சமமா இருக்காது. வித்தியாசம் கேட்க வாய்ப்பு இருக்குன்னா அங்கேதான்.

நம்பிக்கை இல்லையா? 'ஆடாசிட்டி' இலவச சாஃப்ட்வேர்தான். அதுல 'இன்வெர்ட்' அழுத்தி ரெண்டாவது காப்பி எடுங்க. ரூம்மேட் காசு சுண்டி ஏதாவது ஒண்ணைப் போடட்டும். நீங்க பார்க்காம சொல்லுங்க. 10-க்கு 9 சரின்னா சபாஷ்! குருட்டாம்போக்குல அப்படி அமைய வாய்ப்பு சுமார் நூத்துல ஒண்ணுதான். 5, 6 வந்தா அது காது இல்லை, வெறும் அதிர்ஷ்டம்.

ஒயர் சரியான்னு பார்க்க ஒரு 1.5 வோல்ட் பென் டார்ச் பேட்டரி போதும். ஆம்ப்ளிஃபயர்ல இருந்து ஒயரைக் கழட்டிட்டு, அந்த முனையில ஒரு நொடி தொடுங்க. ரெண்டு ஊஃபர் கோனும் ஒரே பக்கம் நகர்ந்தா வேலை முடிஞ்சது. ஸ்பெஷல் கேபிளுக்கு எடுத்து வெச்ச காசுல நல்ல ஹெட்போன் வாங்குங்க மக்கா!