புல்லை மாற்றாதீர்கள், மண்ணைத் தேற்றுங்கள்

"நெல்லும் சிறுதானியமும் பேசுகிற இதழில் புல்தரைக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். வீட்டு முன்னால் வளர்க்கிற புல் யாருக்கும் சோறு போடாது. அதுபற்றி எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் அந்தப் புல் செத்தால் அடுத்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். அது நம் வயலையும் நம் ஏரியையும் தொடுகிற விஷயம்.

நான் குடியிருப்பது இரும்புலியூரில். ஜி.எஸ்.டி. சாலையும் மதுரவாயல் புறவழிச்சாலையும் கூடுகிற இடம். பயிர் வைப்பது செங்கல்பட்டுக்குத் தெற்கே. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் வாரத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. தை பிறந்தால் எங்கள் தெருவில் ஒரே பேச்சு: "சார், இந்த வருஷமும் புல்லு போச்சு. பேசாம டைல்ஸ் போட்டுடலாமா?"

புல் போனால் வீட்டுக்காரர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, பழையதைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதுப் புல்பாய் வாங்கி விரிப்பது. இரண்டு, யூரியாவும் களைக்கொல்லியும் அடித்துப் பார்ப்பது. மூன்று, சிமெண்ட் கல் பதித்து மூடிவிடுவது. மூன்றுமே தப்பு என்பது என் கருத்து. கணக்குப் போட்டுப் பார்த்தே சொல்கிறேன்.

மூன்று வழிகளின் கணக்கு

புல்பாய் எங்கிருந்து வருகிறது? யாரோ ஓர் உழவரின் நிலத்தில் வளர்த்து, மண்ணோடு சேர்த்துச் சீவி எடுத்து வருகிறார்கள். பாயோடு அரை அங்குல மண் ஒட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடிக்கு அது 40 கனஅடிக்குமேல். எடையில் ஏறக்குறைய ஒன்றரை டன் மேல்மண். ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும் என்று நாம் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். அது இங்கே பாயாகச் சுருட்டப்பட்டு வண்டியேறி வருகிறது. பாய்க்கு அடியில் கொட்டுகிற செம்மண் லோடு இந்தக் கணக்கில் சேராது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புல்லை மாற்றினால் ஒவ்வொரு முறையும் இதே இழப்புதான்.

களைக்கொல்லி கதை உங்களுக்குத் தெரியும். கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்களைத் தவிர மற்றவர் பயன்படுத்தக் கூடாது என்று ஒன்றிய அரசு 2022-ல் அறிவிக்கை வெளியிட்டது. அதை அடித்தால் கோரையோடு புல்லும் சேர்ந்து கருகும். யூரியா போட்டால் பத்து நாள் கண்ணைப் பறிக்கிற பச்சை. பிறகு இளசாக வளர்ந்த இலையில் பூச்சியும் பூஞ்சணமும் ஏறும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. ஆயிரம் சதுர அடி இடத்தில் மட்டும் அது 45,000 லிட்டர். முடிச்சூரும் வரதராசபுரமும் மிதந்ததை நாம் மறக்கவில்லை. 2023-ல் மிக்ஜாம் புயலும் அதே பாடத்தை நடத்திவிட்டுப் போனது. அவ்வளவு மழையையும் ஒரு புல்தரை குடித்துவிடாது, உண்மைதான். ஆனால் திறந்த மண் கொஞ்சமாவது குடிக்கும், சிமெண்ட் கல் பதித்த தரை ஏறக்குறைய எல்லாவற்றையும் தெருவுக்கே தள்ளிவிடும். பள்ளத்தில் இருப்பவன் வீட்டுக்குள் நுழைகிற தண்ணீரில் மேட்டில் இருப்பவன் பதித்த கல்லுக்கும் பங்கு உண்டு.

ஆகவே நான்காவது வழிதான் மிச்சம்: இருக்கிற புல்லைத் தேற்றுவது. வங்கியில் ஒரு கணக்கு நலிந்தால் உடனே வழக்குப் போட மாட்டோம். கடைக்கு நேரில் போய், சரக்கு இருக்கிறதா, எங்கே முடங்கியது என்று பார்ப்போம். புல்லுக்கும் முதல் வேலை அந்த நேரடி ஆய்வுதான்.

நோய் எங்கே இருக்கிறது?

முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விட்டுவிட்டு, மறுநாள் நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றைத் தரையில் குத்திப் பாருங்கள். ஆறு அங்குலம் சிரமமில்லாமல் இறங்கினால் மண் நன்றாக இருக்கிறது. இரண்டு அங்குலத்தில் 'டக்' என்று நின்றால் கீழே இருப்பது இறுகிய மண் அல்லது கட்டட இடிபாடு. நம் புறநகர் வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். கொத்தனார் விட்டுப்போன ஜல்லி, சிமெண்ட் கட்டி, அதன்மேல் ஒரு சாண் செம்மண், அதன்மேல் பாய். வேர் எங்கே போகும்?

அடுத்து நிழல். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். 30 அடி உயரக் கட்டடம் நண்பகலிலேயே வடக்குப் பக்கம் 22 அடி வரை நிழல் போடும். வடபுறத் தரை தையில் வெளுத்திருந்தால் பதற வேண்டாம். மாசி பிறந்து வெயில் திரும்பினால் பாதி தானாகத் தேறும். மாமரத்தடி நிழல் அப்படி இல்லை. அது நிரந்தரம். அங்கே புல்லோடு மல்லுக்கட்டுவது வீண்.

கோரை மண்டியிருந்தால் மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் தேங்கியதா என்று கேளுங்கள். மண் மேல் வெள்ளை பூத்திருந்தால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு. புல்லைப் பிடித்து இழுத்தால் பாய்போல் கையோடு வந்துவிட்டால் அடியில் வேர்ப்புழு இருக்கும். அதற்கு மெட்டாரைசியம் பூஞ்சணத்தை மட்கிய எருவில் கலந்து, ஈரமுள்ள மண்ணில் மாலை நேரத்தில் தூவினால் போதும்.

காலம் தப்பக் கூடாது

புல்தரைக்கு வசந்தகால வைத்தியம் என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் இளவேனில் சித்திரை, வைகாசி. அப்போது அக்கினி நட்சத்திரம் கொளுத்தும். மே 4 முதல் 28 வரை எந்தத் தரையையும் கிளறக் கூடாது. நமக்கு வசந்தம் என்பது மாசியும் பங்குனியும்தான். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் அடிமண்ணில் மிச்சம் இருக்கும், வெயிலும் ஏறத் தொடங்கும். அருகும் கொரியன் புல்லும் சூட்டை விரும்பும் இனங்கள். அந்த இரண்டு மாதத்தில்தான் அவை ஓடும்.

செய்ய வேண்டியவை

1. புல்லை ஒரே முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். காய்ந்த சருகை வாரியால் வாரி எடுத்து மட்குக் குழியில் போடுங்கள்.

2. மண் ஈரமாக இருக்கும்போது கடப்பாரையாலோ முள்கரண்டியாலோ அரைச்சாண் இடைவெளியில் நான்கு அங்குல ஆழத்துக்குத் துளை போடுங்கள். இறுகிய மண்ணுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. கூலிக்கு ஆள் தேட வேண்டாம், வீட்டுப் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவார்கள்.

3. சலித்த மண்புழு உரமோ நன்றாக மட்கிய தொழுவுரமோ கால் அங்குலக் கனத்துக்கு மேலாகத் தூவித் துளைகளுக்குள் தள்ளுங்கள். 100 சதுர அடிக்கு இரண்டு கனஅடி போதும். புல்லின் நுனி வெளியே தெரிய வேண்டும்.

4. ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர் என்பது நாம் அறிந்த அளவு. அந்தக் கணக்கில் ஆயிரம் சதுர அடிக்கு 5 லிட்டர். அதை 50 லிட்டர் தண்ணீரில் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று முறை ஊற்றுங்கள்.

5. சொட்டையான இடங்களுக்குக் கடையில் பாய் வாங்க வேண்டாம். அதே தரையில் நன்றாக இருக்கிற பகுதியிலிருந்து கணுவோடு தண்டுகளை எடுத்து நான்கு விரல் இடைவெளியில் நடுங்கள். 'அருகுபோல் வேரோடி' என்று கல்யாண வீட்டில் வாழ்த்துகிறோமே, சும்மாவா? அருகு விரைவில் மூடும். கொரியன் புல் மெதுவாகத்தான் ஓடும், பொறுமை வேண்டும். மூன்று வாரம் யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. தினம் ஹோஸ் பிடித்து நனைப்பதை நிறுத்துங்கள். புது நடவு பிடித்தபின் வாரம் இரண்டு முறை, ஐந்தாறு அங்குலம் ஈரம் இறங்குமளவு விடுங்கள். தண்ணீரைத் தேடி வேர் கீழே போகட்டும்.

எவ்வளவு தரை வேண்டும்?

இங்கேதான் வீட்டுக்காரர்களோடு எனக்குச் சண்டை. கோடையில் புல்லுக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் ஆயிரம் சதுர அடிக்கு 450 லிட்டருக்குமேல் வேண்டும். நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. அப்படியானால் ஒரு புல்தரை மூன்று பேருக்கு மேலான தண்ணீரைக் குடிக்கிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். அந்த ஊரில் இருந்துகொண்டு இந்தக் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஆகவே பிள்ளைகள் விளையாட, பெரியவர்கள் உட்கார எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் புல் வையுங்கள், முந்நூறு நானூறு சதுர அடி. மற்ற வெயில் இடத்தில் பொடுதலை விடுங்கள். வாய்க்கால் வரப்பில் தானாகப் படருகிற செடி. கொஞ்சம் உப்பையும் கொஞ்சம் தேங்கலையும் தாங்கும், மிதித்தாலும் சாகாது, தலைக்கு எண்ணெய் காய்ச்சவும் ஆகும். ஈரமான நிழலில் வல்லாரை. மாமரத்தடியில் மரத்தின் சருகையே மூடாக்காக விட்டுவிடுங்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரி 1937-ல் இங்கே வந்தது. அதன் வளாகத்தில் இன்றும் நிற்கிற புதர்க்காட்டைப் பார்த்தால், இந்த மண் இயல்பாக எதை வளர்க்கும் என்று புரியும். யாரும் ஹோஸ் பிடிக்காமல் நிற்கிற பச்சை அது.

நமக்கு இதில் என்ன?

நம் அரிசியை வாங்குகிறவர்கள் இந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். "ஏன் சார் உங்க அரிசி மட்டும் இவ்வளவு விலை?" என்று கேட்கிறவர்களும் அவர்களே. மண்ணுக்கு உயிர் உண்டு என்று மேடையில் பத்து முறை சொல்வதைவிட, அவர் வீட்டு வாசலில் மூன்று மாதத்தில் மண்புழு வருவதைக் காட்டிவிட்டால், அந்தக் கேள்வி பாதி குறையும். மண்புழு உரமும் ஜீவாமிர்தமும் விற்கிற இளம் உழவர்களுக்கு இது ஒரு சந்தையும்கூட. விற்கும்போது பையை மட்டும் கொடுத்துவிட்டு வராமல், ஸ்குரூ டிரைவரைக் குத்திக் காட்டிவிட்டு வாருங்கள்.

நம் உழவர்கள் புல்பாய்க்கென்று நிலத்தைக் குத்தகைக்கு விடுவதையும் நிறுத்த வேண்டும். குத்தகைப் பணம் கையில் வரும், மண் திரும்பி வராது. தாம்பரம் மாநகராட்சிப் பூங்காக்களில் உதிரும் சருகை எரிக்காமல் அங்கேயே மட்கவைத்துத் தரைக்குத் தூவும்படி, வார்டு கூட்டங்களில் நாம் கேட்க வேண்டும். செலவு குறைகிற யோசனையை எந்த உறுப்பினரும் எளிதில் மறுக்க மாட்டார்.

மாசி நெருங்குகிறது. உங்கள் உறவினர், நண்பர் யாராவது நகரத்தில் புல்தரையை மூடக் கொத்தனாரைக் கூப்பிடப் போகிறார் என்றால், அதற்கு முன்னால் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். கையில் ஒரு கடப்பாரையும் ஒரு மூட்டை எருவும் இருந்தால் போதும்.