தெரிந்தே தின்றானா?

துரித உணவு தின்று உடம்பு கெட்டது, இழப்பீடு வேண்டும் என்று கட்சிக்காரர் வந்து உட்கார்ந்தால், "உங்களை யார் திங்கச் சொன்னது?" என்றுதான் நம்மில் பலருக்குக் கேட்கத் தோன்றும். எதிர்த்தரப்பும் அதையேதான் கேட்கும். சட்டமும் அதற்கு இடம் தருகிறது: எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தை எச்சரிக்கவில்லை என்பதற்காக உற்பத்தியாளரைப் பொறுப்பாக்க முடியாது என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87(3) பிரிவு.

நியூயார்க்கில் மெக்டொனால்ட்ஸ் மீது தொடுத்த பெல்மன் வழக்கு 2003 ஜனவரியில் தள்ளுபடியானதும் இதே தர்க்கத்தில்தான். ஆனால் நீதிபதி ராபர்ட் ஸ்வீட் அதே தீர்ப்பில் வேறொன்றையும் சொன்னார். சிக்கன் மக்நக்கெட்ஸ் வெறும் பொரித்த கோழி அல்ல. வீட்டுச் சமையலில் இல்லாத சேர்மானங்கள் அதில் உண்டு. அதன் ஆபத்து வாங்குபவருக்குத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று வாதிட இடமிருக்கிறது என்றார். நமக்கு வேண்டியது அந்த இடம்.

பள்ளி விடும் நேரத்தில் நம்ம ஊர் பேக்கரி முன்னால் நின்று பாருங்கள். பப்ஸ் வைத்துக் கொடுக்கும் காகிதம் கைக்கு வருவதற்குள் எண்ணெயில் ஊறிவிடுகிறது. அந்த அடுக்குகளுக்குள் போனது வெண்ணெயா, வனஸ்பதியா? பையனுக்கும் தெரியாது, வாங்கித்தரும் அப்பாவுக்கும் தெரியாது. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2022 முதல் விதி. உதிரியாக விற்கும் பப்ஸில் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள லேபிளே கிடையாது. பாக்கெட் பண்டத்திலோ எல்லாம் பின்பக்கப் பொடி எழுத்தில். முன்பக்க லேபிள் குறித்த பரிந்துரையை மூன்று மாதத்தில் தரும்படி உச்ச நீதிமன்றமே 2025 ஏப்ரலில் கெடு வைக்க வேண்டியிருந்தது.

வளர்ந்த ஆள் தெரிந்து தின்றால் அது அவர் பாடு. அதில் எனக்கு மறுப்பில்லை. தெரியவிடாமல் விற்றுவிட்டுப் பழியை மட்டும் தின்றவர் தலையில் கட்டுவது அநியாயம். பத்து வயதுப் பிள்ளையிடம் அந்த நியாயம் பேசுவது அதைவிடக் கொடுமை.

ஆகவே 'குண்டாகிவிட்டேன்' என்று மனு எழுதாதீர்கள். எதனால் குண்டானார் என்று நிரூபிப்பதிலேயே வழக்கு நொந்துவிடும். எதை மறைத்து விற்றார்கள், எதைப் பொய்யாக விளம்பரம் செய்தார்கள் என்று எழுதுங்கள். பெல்மன் வழக்கு 2005-இல் மேல்முறையீட்டில் உயிர்பெற்றது ஏமாற்று விளம்பரம் என்ற குற்றச்சாட்டில்தான். பாக்கெட்டின் இரு பக்கப் படமும், விளம்பரமும், பில்லும் ஆவணமாக இருக்கட்டும்.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களை மாணவர்களுக்கு விற்கக்கூடாது என்கின்றன 2020 விதிகள். இதற்கு வழக்குக்கூட வேண்டாம். டேப் பிடித்து அளந்து, உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.