சொறிகிற கைக்கு ஒரு பம்பரம்

பம்பரம் என்றதும், "இது ஆம்பிளைப் பசங்க சமாசாரமாச்சே" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! எங்கள் வீட்டில் பம்பரம் வந்தது விளையாட்டுக்காக இல்லை. சின்னவன் கையைக் கட்டிப் போடத்தான்.

போன பங்குனியில் அவனுக்கு அம்மை வார்த்தது. சின்னம்மைதான். டாக்டரிடம் காட்டினோம். "பயப்படாதீங்க. கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரைக்கும் மற்ற பிள்ளைகளோடு சேர விடாதீங்க. ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துடாதீங்க" என்றார். என் மாமியார் வாசலில் வேப்பிலை செருகி, அடுப்படியில் தாளிப்பதை நிறுத்தினார். இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஏழு வயசுப் பையன் கையைச் சொறியாமல் எப்படி வைப்பது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை!

நகத்தை ஒட்ட வெட்டினேன். வேப்பங்கொத்தால் வருடிக் கொடுத்தேன். அப்படியும் இரண்டாம் நாளே மூக்கின் மேல் இருந்த ஒரு கொப்புளத்தைப் பிய்த்துவிட்டான். வேறு வழியில்லாமல் செல்போனைக் கொடுத்தேன். ஒரு கை போனில், இன்னொரு கை முதுகில். போன் ஒரு கைக்குத்தானே வேலை கொடுக்கிறது?

மூன்றாம் நாள் சாயங்காலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே தெருப் பையன்கள் வட்டம் போட்டுப் பம்பரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். "அவன் அபீட் எடுக்கிறாம்மா... நான் மட்டும்..." என்று கண் கலங்கிவிட்டது. சாட்டை சுற்றி வீச அவன் உடம்பில் அப்போது தெம்பு ஏது? விரலால் திருகி விடுகிற பம்பரம் ஷோகேஸில் ஒன்று இருந்தது. மைசூர் போகிற வழியில் சென்னப்பட்டணத்தில் வாங்கியது. அரக்குச் சாயம் ஏற்றிக் கடைந்தது, கண்ணைப் பறிக்கும். எடுத்துக் கொடுத்தேன். பத்து நிமிஷம் சுற்றினான். பிறகு கை பழையபடி வயிற்றுக்குப் போய்விட்டது.

அப்போதுதான் தோன்றியது: சுற்றுவதற்கு ஒரு கை போதும். செய்வதற்கு இரண்டு கையும் வேண்டும்.

எனக்கு மட்டும் தெரியுமா என்ன? சின்ன வயசில் அண்ணன் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிக் கொடுத்ததோடு சரி. பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு என்று விட விடமாட்டார்கள். அதனால் நானும் அவனோடு சேர்ந்துதான் கற்றேன்.

முதலில் தண்ணீர் பாட்டில் மூடி. கோணி ஊசியை அடுப்பில் காட்டி நடுவில் துளை போட்டேன். (இதை நீங்கள்தான் செய்ய வேண்டும், பிள்ளைகளிடம் விடாதீர்கள்.) பூஜையில் எரிந்து மிச்சமிருந்த ஊதுபத்திக் குச்சியை அவன் நறுக்கிச் செருகினான். தீக்குச்சியைவிட இது உறுதி. சுற்றினால் இரண்டு சுற்று, தள்ளாடி விழுந்தது. வாங்கிச் சரி பண்ணிவிடலாம் என்று என் கை பரபரத்தது. மாமியார்தான், "அவனே பாக்கட்டும் விடேன், நீ ஏன் பறக்கிற?" என்றார். விட்டேன். கால் நீளமாக இருந்ததுதான் கோளாறு என்று நாலாவது தடவையில் அவனே கண்டுபிடித்தான். மூடிக்குக் கீழே குச்சி ஒரு சென்டிமீட்டர் இருந்தால் போதும். பாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்க இருக்கப் பம்பரம் நின்று ஆடும்.

தரையில் உட்கார்ந்து விட முடியாத பிள்ளைக்கு ஒரு யோசனை: பித்தளைத் தாம்பாளத்தை மடியில் வைத்துவிடுங்கள். விளிம்பு இருப்பதால் பம்பரம் ஓடிப் போகாது, படுக்கையிலேயே விளையாடலாம்.

அடுத்தது காலண்டர் அட்டை. டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வரைவது எல்லோருக்கும் தெரியும். நடுப்புள்ளி கண்டுபிடிப்பதுதான் தலைவலி. அதே டம்ளரால் ஒரு காகிதத்தில் வட்டம் வரைந்து வெட்டி, இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடியுங்கள். பிரித்தால் மடிப்புகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் நடு. காகிதத்தை அட்டை மேல் வைத்து அங்கே குத்தினால் ஆச்சு. நடு ஒரு நூல் தப்பினாலும் பம்பரம் குடிகாரன் மாதிரி ஆடும்! குச்சி நுழைந்த இடத்தில் துளி பெவிகால் வைத்துக் காய விடுங்கள்.

பிறகு அட்டை விளிம்பில் ஒரே மாதிரிச் சட்டைப் பொத்தான் நாலு, எதிரெதிராக ஒட்டினோம். பாரம் ஓரத்தில் இருந்தால் வேகம் சீக்கிரம் குறையாது. அவன் ஒன்று, இரண்டு என்று எண்ணினான். பொத்தான் இல்லாமல் பதினொன்று வரை போனது, பொத்தான் ஒட்டியதும் இருபத்தாறு. எண்ணி முடிக்கும் வரை சொறியவில்லை, நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு அட்டையில் பாதிக்கு மஞ்சள் குழைத்துப் பூசினோம். மறு பாதிக்குத் துணிக்குப் போடும் சொட்டு நீலம். "சுத்தினா பச்சையா தெரியும் பாரு" என்று பெரிய அறிவாளி போலச் சொன்னேன். சுற்றினால் பச்சையைக் காணோம், மங்கலாகச் சாம்பல் நிறம்! "அம்மா தோத்துட்ட!" என்று அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தான். பெரியவள் பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கு முன்பே அம்மை வந்து போனதால் தம்பி பக்கத்தில் தைரியமாக உட்காருவாள். அவள்தான் விளக்கினாள். சாயத்தைக் குழைத்தால் ஒன்றின் வெளிச்சத்தை இன்னொன்று விழுங்கி மிச்சம் பச்சையாகத் தெரிகிறது. சுற்றும்போது இரண்டு நிறமும் மாறி மாறிக் கண்ணுக்கு வந்து, அங்கேதான் கலக்கிறது. மேக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1850-களில் வண்ணக் காகிதம் வைத்த பம்பரத்தைச் சுற்றித்தான் நிறங்களை ஆராய்ந்தாராம்.

"எனக்கு பேபிளேடு வேணும்" என்று நடுவில் ஒரு நாள் பாட்டு. அது ஜப்பானில் 1999-ல் வந்த பொம்மை. அதற்கும் முன்னோர் உண்டு. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு காலத்தில் சின்னச் சங்குக்குள் மணலை அடைத்து, வாயை மெழுகால் மூடிச் சாட்டை போட்டு விட்டார்களாம். இதைச் சொன்னதும் பேபிளேடை மறந்து சங்கு எங்கே கிடைக்கும் என்று ஆரம்பித்துவிட்டான். வாலாஜாபாத்தில் பாலாறு உண்டு, கடலுக்கு எங்கே போவது? பூவரசங்காய் பறித்துக் கொடுத்துச் சமாளித்தேன். காம்போடு பறித்து, அந்தக் காம்பையே விரலில் திருகி விட்டால் போதும். வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

பொத்தானில் இரண்டு ஓட்டை வழியாக நூலைக் கோத்து முடிந்து, முறுக்கி இழுத்தால் 'விர்ர்' என்று சுற்றுமே, அதையும் செய்தோம். முகத்துக்கும் தலைமுடிக்கும் கிட்டே கொண்டு போக விடாதீர்கள். கைக்குழந்தை, தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் பொத்தானையும் மூடியையும் எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள். எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும். சில பொம்மைகளுக்குள் இருக்கும் வட்டப் பேட்டரி பொத்தான் போலவே இருக்கும். அதைப் பாரத்துக்கு ஒட்டவே வேண்டாம். விழுங்கிவிட்டால் உள்ளே புண்ணாக்கி உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மூன்றாவது தண்ணீர் ஊற்றிய அன்று, பொருக்கெல்லாம் காய்ந்துவிட்டதை டாக்டரிடமும் காட்டிக்கொண்டு, மூடிப் பம்பரங்களைச் சோப்புப் போட்டுக் கழுவி வாசலுக்கு அனுப்பினேன். அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன், புதிதாகச் செய்துகொள்ள அவனுக்குத்தான் தெரியுமே. தெருப் பையன்கள் திண்ணையில் சுற்றிக்கொண்டு, யாருடையது கடைசியில் விழுகிறது என்று பந்தயம் வைத்தார்கள். எதிர் வீட்டுச் சிறுமி ஓரமாக நின்று பார்த்தாள். அவளுக்கு ஒன்றை நானே கொடுத்தேன்.

உடம்பில் தழும்பு அதிகமில்லை. மூக்கின் மேல் மட்டும் ஒரு சின்னக் குழி. அது பம்பரத்துக்கு முந்தின நாள் பிய்த்தது.