கோபுரம் இல்லாத வரலாறு

கல்விச் சுற்றுலா என்றதும் நம் கல்லூரியில் எழும் பெயர்கள் மூன்றே மூன்று: கொடைக்கானல், குற்றாலம், கன்னியாகுமரி. ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்படும். மாணவர்கள் கூடி நின்று ஆரவாரம் செய்வார்கள். இம்மூன்றில் ஒன்றை நோக்கிப் பேருந்து புறப்படும். இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அருவியில் நனைய விரும்பாத இளைஞன் உண்டோ? ஆனால் வரலாற்றுத் துறை மாணவர்களும் அதே பேருந்தில், அதே அருவிக்குப் போய் வந்து, அதற்கும் 'கல்வி' என்று பெயர் சூட்டிக்கொள்வதுதான் எனக்கு உடன்பாடில்லாத செய்தி.

'கொற்கை - குறிப்பு வரைக' என்பது நமக்கு நன்கு பழகிய ஐந்து மதிப்பெண் வினா. பாண்டியர் துறைமுகம், முத்துக்குப் புகழ் பெற்றது, யவனர் வந்தனர் என்று நான்கு வரி எழுதுகிறோம், மதிப்பெண்ணும் பெறுகிறோம். அந்தக் கொற்கை நம் மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினால் ஒரே பகலில் போய்ச் சேரக்கூடிய ஊர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கிறது?

சென்ற பொங்கல் விடுமுறையில் நானும் என் விடுதி நண்பன் ஒருவனும் அங்கே போனோம். நண்பன் தூத்துக்குடிப் பக்கத்தவன். உப்பளத் தொழிலாளியின் மகன். "உன் ஊருக்கு என்னை அழைத்துப் போடா" என்று நான் கேட்டபோது அவன் சிரித்துவிட்டான். "எங்க ஊர்ல பாக்கதுக்கு என்னல இருக்கு? உப்பு இருக்கு, வெயில் இருக்கு. ஒங்க மதுரை மாதிரி கோபுரமா இருக்கு?" என்றான். அதை அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. தன் ஊரைப் பற்றி அவனுக்கு உண்மையிலேயே ஒரு கூச்சம் இருந்தது. கட்டுரை எழுதும் எண்ணம் எனக்கு அந்தச் சொற்களால்தான் வந்தது.

அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகக் கரிசல் மண்ணைக் கடந்து சுமார் 140 கிலோமீட்டர் போனால் தூத்துக்குடி. முதலில் பனிமய மாதா ஆலயத்தைப் பார்த்தோம். 1713-இல் எழுந்த ஆலயம். பிறகு துறைமுகப் பக்கம் நடந்தோம். 1876-இல் இரயில் இங்கே வந்து சேர்ந்தது. 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை கொழும்புக்குக் கப்பலேற நம்மவர் வந்த துறை இதுதான். அந்தக் கடல்வழியில்தான் வ. உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, 1908-இல் அரசு அவரைச் சிறையிலிட்டது, கம்பெனி கலைந்தது. அவர் ஓட்டிய 'காலியா'வையும் 'லாவோ'வையும் இன்று எங்கே போய்ப் பார்ப்பது? சிலை இருக்கிறது, 2011 முதல் துறைமுகத்துக்கே அவர் பெயர் இருக்கிறது. ஆனால் நிகழ்ந்த செய்தியோ நீரின் மேல் நிகழ்ந்தது. நீரில் தடம் நிற்பதில்லை.

முத்தின் கதையும் அப்படியே. நம் மதுரை வழியாக 'முத்துநகர்' விரைவு வண்டி நாள்தோறும் ஓடுகிறது. ஆனால் 1961-க்குப் பின் அந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்றும் இருக்கிறார்கள்.

மறுநாள் காலை திருச்செந்தூர்ச் சாலையில் தெற்கே சென்றோம். முள்ளக்காடு வரையிலும் அதற்கு அப்பாலும் இருபுறமும் உப்பளங்கள். நண்பனின் தந்தை அப்படி ஒரு பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்தார். பலகையால் உப்பை இழுத்துக் கரையேற்றும் அந்த வேலையை அரைமணி நேரம் பார்த்ததிலேயே வெண்மையின் கூச்சம் என் கண்ணில் நெடுநேரம் நின்றது. "மதுரையில இருந்து இதப் பாக்கவா வந்திய?" என்று அவர் வியந்தார். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே வியப்பு!

இந்தச் சாலையில் ஒரு விந்தை உண்டு. இங்கே கடலை விட்டு உள்ளே போகப் போகக் காலத்திலும் பின்னோக்கிப் போகிறோம். தூத்துக்குடி இன்றைய துறைமுகம். அதற்குத் தெற்கே பழையகாயல். இதுதான் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட 'காயல்' என்பர். ஆர்மசிலிருந்தும் ஏடனிலிருந்தும் பாண்டியனுக்குக் குதிரைகள் வந்திறங்கிய துறை அது. இப்போது அமைதியான சிற்றூர். அங்கிருந்து உட்புறம் திரும்பினால் வாழைத் தோட்டங்களுக்கும் நெல் வயல்களுக்கும் நடுவில் கொற்கை. கடல் எங்கே? கிழக்கே ஆறேழு கிலோமீட்டருக்கு அப்பால்!

எந்தப் பகைவனும் கொற்கைத் துறையை அழிக்கவில்லை. தாமிரபரணி அழித்தது. ஊருக்குச் சோறு போட்ட அதே ஆறு ஆண்டுதோறும் வண்டல் கொண்டுவந்து கொட்டிக் கடலைத் தள்ளிக்கொண்டே போயிற்று. கப்பல் வர முடியாதபோது வணிகர்கள் காயலுக்கு இறங்கினார்கள். காயலும் தூர்ந்தது. இந்த உண்மையை ஊன்றிப் பார்த்து எழுதியவர் கால்டுவெல். இடையன்குடியில் வாழ்ந்த அவர் கொற்கை மண்ணைத் தோண்டியும் பார்த்தார். 1881-இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்றில் இந்தத் துறைமுகங்களின் கதையைச் சொல்லியிருக்கிறார்.

குளக்கரையில் வெற்றிவேல் அம்மன் கோயில். கண்ணகியே இங்கு அம்மனாக இருக்கிறாள் என்கின்றனர் ஊரார். நெடுஞ்செழியன் இறந்தபின் கொற்கையிலிருந்து வந்து மதுரையில் அரசேறியவன் வெற்றிவேற் செழியன் என்று சிலப்பதிகாரம் கூறுவது நமக்குப் பாடம். மதுரையை எரித்த பெண்ணுக்கு, மதுரைக்கு அரசனை அனுப்பிய ஊரில், அந்த அரசனின் பெயரோடு ஒரு கோயில்! சற்றுத் தள்ளி அக்கசாலை விநாயகர். அக்கசாலை என்பது நாணயம் அடிக்கும் சாலை. பக்கத்தில் சாய்ந்து கிடக்கும் ஒரு வன்னிமரம். வயது இரண்டாயிரம் என்கிறார்கள். மரத்தின் வயதை நான் உறுதி கூற மாட்டேன். மண்ணின் வயது அதைவிட மிகுதி என்று கூறலாம். 1968-69-இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 அளவில் என்று கணிக்கப்பட்டது. 2021-இல் மீண்டும் தோண்டினார்கள். சங்கு அறுத்த துண்டுகளும் சுடுமண் குழாய்களும் வெளிப்பட்டன.

ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "கெணறு வெட்டுனா சிப்பி வரும் தம்பி. எங்க அப்பா காலத்துலயும் வந்துச்சு" என்றார். அது அவருக்கு அன்றாடச் செய்தி. நண்பன் மட்டும் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நாலு வருசமா இந்த ரோட்டுலதான் திருச்செந்தூர் போறேன். ஒருத்தரும் சொல்லலயேல" என்றான்.

சொல்ல வேண்டியவர்கள் யார்? நாம்தான் என்பேன். மதுரைக்காரர்களாகிய நமக்குக் கோபுரத்தின் நிழலிலேயே பிறந்து வளர்ந்ததால் ஒரு கண்கோளாறு உண்டு. அண்ணாந்து பார்ப்பதே வரலாறு என்று நினைக்கிறோம். ஆயிரங்கால் மண்டபமும் நாயக்கர் மகாலும் நம்மைக் கெடுத்துவிட்டன! ஆனால் அந்த மதுரையின் செல்வம் எங்கிருந்து வந்தது? நம் வைகையோ கடலைக் காண்பதே அரிது. இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு பெரும்பாலும் அதன் பயணம் முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட உள்நாட்டு நகரத்தின் வேந்தன் கொடியில் மீன் ஏன் பறந்தது? தாலமி கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் மதுரையையும் கொற்கையையும் சேர்த்தே குறித்து வைத்திருக்கிறார். அதற்கு முந்திய நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளுஸ்' நூலோ, பாண்டியன் ஆட்சிக்குட்பட்ட கொற்கைக் கடலில் முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. நம் கூடல் நகரின் பெருமையில் அந்த மூச்சடக்கிய மனிதர்களின் பங்கு எவ்வளவு? இந்தக் கேள்வி எந்தக் கோபுரத்திலும் செதுக்கப்படவில்லை.

"வெறும் வயலைக் காட்டவா மாணவர்களை அழைத்துப் போவது?" என்று ஓர் ஆசிரியர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானதே. அகழ்ந்த குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுகிறார்கள். பொருள்கள் வேறிடம் போய்விடுகின்றன. ஆனால் கீழடியை நினைத்துப் பாருங்கள். நம் ஊருக்கு 12 கிலோமீட்டர் தொலைவில் வெறும் தென்னந்தோப்பாகத்தான் அது கிடந்தது. 2015-இல் அகழாய்வு தொடங்குமுன் அந்த நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்தவர் யார்? 2023-இல் அருங்காட்சியகம் திறந்தபின் வரிசையில் நிற்கிறோம். கட்டடம் எழுந்தபின்தான் கண் திறக்கும் என்றால், வரலாற்றுத் துறை எதற்கு? பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில் எதைப் பார்ப்பது என்று கற்றுத் தருவதல்லவா அதன் வேலை?

ஆகவே நம் துறைத் தலைவர் அவர்களுக்கும் மாணவர் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு ஒருநாள் சுற்றுலாவைக் கொற்கைக்கு அமையுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் ஒன்பது மணிக்குள் தூத்துக்குடி. அங்கிருந்து உப்பளம், பழையகாயல், கொற்கை என்று இந்த வரிசையிலேயே போக வேண்டும். மாற்றிப் போனால் பாதி பயன் கெடும். வழிகாட்டியாக வர நண்பன் ஒப்புக்கொண்டிருக்கிறான். உப்பளத்தில் அவன் தந்தையிடம் ஒரு மணி நேரம் பாடம் கேட்கலாம். மழைக்காலத்தில் அங்கே வேலை நடக்காதாகையால் பங்குனி மாதமே ஏற்றது. கொடைக்கானலைவிடச் செலவும் குறைவு. மிச்சப்படும் பணத்தில் தூத்துக்குடி மக்ரூன் வாங்கி வரலாம். விடுதிக்கு இரண்டு பெட்டி போதாது.