அவில் போட்டாச்சு

பள்ளிக்கூடத்து முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் பஞ்சு, டிங்சர், பாரசிட்டமால் இவற்றோடு பாதி கிழித்த அவில் அட்டை ஒன்றும் கிடக்கும். யாரிடமும் கேட்காமல் நாங்கள் எடுத்துக் கொடுக்கிற மாத்திரை. "அலர்ஜிதானே, அவில் போட்டா அடங்கிடும்." இருபது வருஷம் நானும் இதைச் சொன்னவள்தான். சாதாரணக் காணாக்கடிக்கு அது உண்மையும்கூட. உயிரைக் குடிக்கிற ஒவ்வாமையும் பல சமயம் அதே காணாக்கடி மாதிரிதான் ஆரம்பிக்கும். வம்பு அங்கேதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் விளையாட்டு பீரியடில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் குளவி கொட்டியது. சுண்ணாம்பு தடவினோம். உடம்பெல்லாம் தடிப்பு கிளம்பியதும் அவில் கொடுத்தோம். "போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தாள். "டீச்சர், குரல் ஒரு மாதிரி வருது" என்றாள். தண்ணீர் கொடுத்து, பயப்படாதே என்றேன். பிறகு வாந்தி எடுத்தாள், கண் செருகியது. மாத்திரை தூக்கம் என்று நினைத்தோம். அவில் தூக்கம் வரவழைக்கிற மருந்துதானே? கடைசியில் பைக்கில் இரண்டு சாருக்கு நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் தலை தொங்கிவிட்டது.

பிழைத்துக்கொண்டாள். டியூட்டி டாக்டர் தொடையில் போட்ட ஊசி சில நிமிஷத்தில் அவளைத் திரும்பக் கொண்டுவந்தது. "எத்தனை மணிக்குக் கொட்டிச்சு?" என்று கேட்டார். பதில் இல்லை. யாரும் மணி பார்க்கவில்லை.

'அவில் போதும்' என்ற பேச்சு உடைவது இந்த மணிக் கணக்கில்தான். ஒவ்வாமையால் இறந்தவர்களின் விவரங்களைத் திரட்டி பிரிட்டனின் ரிச்சர்ட் பம்ஃப்ரீ 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மூச்சோ இதயமோ நின்றுபோக எடுத்த நேரம், நடுவளவாகப் பார்த்தால், உணவென்றால் 30 நிமிடம், பூச்சிக் கொட்டென்றால் 15, மருத்துவமனையில் ஏற்றிய மருந்தென்றால் வெறும் 5. வாயில் போட்ட மாத்திரை கரைந்து, ரத்தத்தில் ஏறி, வேலையைத் தொடங்கவே அரை மணி போல ஆகிவிடும். அப்படி ஏறினாலும் அது தடுப்பது ஹிஸ்டமின் என்ற ஒரே பொருளின் வேலையைத்தான். அரிப்பு குறையும், தடிப்பு அமுங்கும். இறுகிய மூச்சுக்குழல் திறக்காது, சரிந்த ரத்த அழுத்தம் எழாது. அன்று டாக்டர் போட்டது அட்ரினலின் ஊசி. அது தளர்ந்த ரத்தக் குழாயைச் சுருக்கும், மூச்சுக்குழலை விரிக்கும், தொண்டை வீக்கத்தையும் இறக்கும். மாத்திரை தோலைச் சமாதானப்படுத்துகிறது, சுற்றி நிற்கிற நம்மையும் சேர்த்து.

"இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வர்றது" என்பார்கள். வேர்க்கடலை விஷயத்தில் இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அங்கே போல இங்கே கடலைமிட்டாய் யாரையும் அவ்வளவாக மிரட்டுவதில்லை. ஆனால் இறால், முட்டை, பால் எல்லாம் இங்கேயும் ஒத்துக்கொள்ளாமல் போகின்றன. வேப்பமரத்துத் தேனடையும் பனைமரத்துக் கதண்டும் எந்த நாட்டுச் சரக்கு?

"போன தடவை ஒண்ணும் ஆகலையே" என்பது இன்னொரு சமாதானம். 1902இல் பாரிஸில் ஷார்ல் ரிஷேயும் போல் போர்ட்டியேயும் கடல் அனிமோனின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். முதல் தடவை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து ஏற்றிய சிறு அளவில் நிமிஷக் கணக்கில் செத்தது. உடம்பு பழகிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது நேர்மாறாகப் பகைத்துக்கொண்டது தெரிந்தது. ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த ஆராய்ச்சிக்குத்தான். போன தடவை தப்பித்தது இந்தத் தடவைக்கு ஜாமீன் இல்லை.

"தடிப்பே இல்லையே, வெயில் மயக்கமா இருக்கும்." பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் தோலில் எதுவுமே தெரியாது. அதனால் தோலை விட்டுவிட்டுப் பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டும். 'மூச்சுத் திணறல்' என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. "தொண்டைல என்னமோ மாட்டிக்கிச்சு", "நாக்கு பெருசா இருக்கு", "நெஞ்சு இறுக்குது" என்றுதான் சொல்லும். சின்னது என்றால் அதுவும் சொல்லாமல் நாக்கைக் கையால் சுரண்டும், விடாமல் இருமும். குரல் மாறுவதும், மூச்சில் விசில் கேட்பதும், முகம் வெளுத்துத் துவள்வதும் ஒவ்வொன்றும் அபாய மணி. சாப்பிட்ட அல்லது கொட்டுப்பட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்போடு திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலும் அப்படியே.

அடுத்தது எங்கள் பைக் வைத்தியம். ரத்த அழுத்தம் சரிந்த உடம்பை நிமிர்த்தினால் ரத்தம் காலில் தங்கி, இதயத்துக்குத் திரும்ப ரத்தம் வராது. எழுந்து நிற்கவோ நிமிர்ந்து உட்காரவோ செய்த கையோடு உயிர் போனவர்களைப் பற்றி அதே பம்ஃப்ரீ 2003இல் எழுதியிருக்கிறார். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். வாந்தி வந்தால் ஒருக்களிக்கலாம். மூச்சுதான் முட்டுகிறது என்றால் மட்டும் காலை நீட்டி உட்கார விடலாம். கழிப்பறைக்குக்கூட நடத்தக் கூடாது. 108ஐ அழைத்து, 'மயக்கம்' என்று சொல்லாமல், "அலர்ஜி, மூச்சு முட்டுது" என்று சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் போயே தீர வேண்டுமென்றால் கார், அதிலும் படுக்க வைத்து.

"ஊசி போடறது நம்ம வேலையா? தப்பாப் போச்சுன்னா?" ஆசிரியர் அறையில் இதுதான் கனமான கேள்வி, கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து பள்ளிகளே மருந்துச் சீட்டில்லாமல் அட்ரினலின் பேனா (அளவாக மருந்து நிரப்பிய, பேனா மாதிரி ஊசி) வாங்கி வைத்துக்கொள்ளலாம். கனடாவின் ஸ்கார்பரோவில் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு 2005இல் ஒன்டாரியோ போட்ட சட்டமே இருக்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கட்டாயம். இங்கே அந்தப் பேனா மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பூலை உடைத்து அளந்து ஏற்றுவதைப் பயிற்சியில்லாத ஆசிரியரிடம் நானும் கேட்க மாட்டேன்.

ஆனால் 'ஊசி என்றால் டாக்டர்' என்ற வாதம் நம் ஊரிலேயே உடைந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் தடுப்பூசி போட வருகிற கிராம சுகாதாரச் செவிலியரின் பையில் அட்ரினலின் ஆம்பூலும் வயதுவாரி அளவுக் குறிப்பும் உண்டு. தடுப்பூசிக்குப் பிறகு இந்த ஒவ்வாமை வந்தால் டாக்டருக்குக் காத்திராமல் தொடையில் ஒரு டோஸ் அவரே போடலாம் என்பது அரசு வழிகாட்டுதல். தேவையே இல்லாமல் ஒரு டோஸ் போய்விட்டாலும் திடகாத்திரமான பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் படபடப்பும் கைநடுக்கமும் இருக்கும், அடங்கிவிடும். தாமதத்துக்கு அப்படியொரு சலுகை கிடையாது. அந்தச் செவிலியரின் நம்பரும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் நம்பரும் இப்போது எங்கள் ஆபீஸ் ரூம் சுவரில், மணியடிக்கிற கட்டைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன.

ஊசி போட்டுத் தெளிந்ததும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அவசரப்படுத்துவதும் தப்பு; சிலருக்குச் சில மணி நேரம் கழித்து மறுபடி கிளம்பும்.

நம்பர் ஒட்டிய கையோடு, வகுப்பில் யார் யாருக்கு எது ஒத்துக்காது என்று எழுத உட்கார்ந்தபோது சத்துணவு வரிசை நினைவுக்கு வந்தது. முட்டை வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம். என் வகுப்பில் பழம் வாங்குகிறவர்கள் நான்கு பேர், சைவக் குடும்பம் என்றே நினைத்திருந்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். மூன்று வீட்டில் சைவம். நான்காவது வீட்டு அம்மா, "முட்டை தின்னா உதடு வீங்கி மூச்சு வாங்கும் டீச்சர், ஒருக்கா ஆஸ்பத்திரில சேர்த்தோம்" என்றார்.

"ஏம்மா சொல்லலை?"

"யாரும் கேக்கலையே டீச்சர்."