குளிப்பாட்டும் கைகளுக்கு யார் சொல்வது?

பச்சிளங்குழந்தையோடு வீடு திரும்பும் நாளில் தாயின் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புகிறோம். தொப்புளில் எதையும் தடவ வேண்டாம், தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும், இன்ன நாளில் தடுப்பூசிக்கு வர வேண்டும் என்பவை அதில் அச்சிடப்பட்டிருக்கும். செவிலியர் அதைப் படித்துக் காட்டுவார். பிரசவக் களைப்பு நீங்காத தாயும் தலையசைப்பார். அந்நேரம் அறைக்கு வெளியே, ஒரு தோளில் பையும் கையில் பிளாஸ்க்குமாக ஒரு மூத்த பெண்மணி நின்றுகொண்டிருப்பார். அவரை நாம் உள்ளே அழைப்பதில்லை. ஆனால் வீடு சென்றதும் குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டப் போகிறவர் அவர்தான். எண்ணெய் காய்ச்சுபவரும், சாம்பிராணி போடுபவரும், உரைமருந்து இழைப்பவரும் அவர்தான். செய்யப் போகிறவரை வெளியே நிறுத்திவிட்டு, செய்யும் அதிகாரமற்ற ஒருத்திக்கு அறிவுரை கூறி அனுப்புகிறோம். இந்தத் தவறு மருத்துவமனைகளாகிய எங்களுடையது என்பதே என் கருத்து.

இதை நான் உணர்ந்தது பல ஆண்டுகளுக்கு முன்பு. பிறந்து பன்னிரண்டு நாளே ஆன ஒரு பெண் குழந்தையைக் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். ஒரு பக்க மார்பு சிவந்து, வீங்கி, சீழ் கட்டியிருந்தது. கீறித்தான் சீழை எடுக்க வேண்டியதாயிற்று. காரணம் வெளிப்படை: பிறந்த குழந்தையின் மார்பு சிறிது தடித்திருப்பதையும், அதிலிருந்து பால் போன்ற துளி கசிவதையும் கண்ட பாட்டி, அது கெட்டது என்று எண்ணிக் குளிப்பாட்டும்போதெல்லாம் அழுத்திப் பிழிந்திருக்கிறார். நான் கோபத்தோடு பேசினேன். அவர் அழுதபடி சொன்னது இது: “டாக்டரம்மா, அஞ்சு பிள்ளை பெத்தவ நான். எல்லாத்தையும் இந்தக் கையாலதான் குளிப்பாட்டுனேன். வேணாம்னு ஒரு வார்த்தை யாராச்சும் சொல்லியிருந்தா தொட்டிருப்பேனா?” எங்கள் தாளில் அந்த ஒரு வரி இல்லை. இருந்திருந்தாலும் அது அவரிடம் போய்ச் சேர்ந்திருக்காது. நல்வாய்ப்பாகக் குழந்தை பிழைத்துக்கொண்டது.

தாயின் உடலிலிருந்து குழந்தைக்குச் சென்ற இயக்குநீர்களால்தான் மார்பு தடிக்கிறது. ஆண் குழந்தைக்கும் வரும். சில வாரங்களில் தானாக வடியும். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் சில துளி இரத்தம் படுவதும் இதே காரணத்தால்தான், அஞ்ச வேண்டியதில்லை. கை வைக்காதிருப்பதே வைத்தியம்.

இனி, குளியலைப் பற்றி. பிறந்த குழந்தையின் மேல் வெண்ணெய் பூசினாற்போல ஒரு படலம் இருக்கும். அதை அழுக்கு என்று எண்ணித் தேய்த்து எடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. உண்மையில் அது தோலுக்கு இயற்கை இட்ட காப்பு. முதல் குளியலைக் குறைந்தது 24 மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தைக்கு வேண்டிய முதல் தூய்மை, உடலின் ஈரத்தைத் துடைத்துத் தாயின் வெற்று மார்பில் கிடத்துவதே. ஈரத்தோடு இருக்கும் குழந்தை நாம் நினைப்பதைவிட விரைவாகக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த குழந்தை பால் குடிக்காது. பால் குடிக்காத குழந்தை மேலும் குளிரும்.

வீட்டிற்கு வந்தபின் நாள்தோறும் குளிப்பாட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தொப்புள்கொடி விழும்வரை வெதுவெதுப்பான நீரில் மென்துணியை நனைத்துத் துடைத்தால் போதும். கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பாலும் வியர்வையும் தங்கிப் புண்ணாகும். அங்கே மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். எடை 2.5 கிலோவுக்குக் குறைவான குழந்தையாயின், நாங்கள் சொல்லும்வரை குளியலே வேண்டாம். பிறகு குளிப்பாட்டும்போது சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முழங்கையால் நீரின் சூட்டைப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் முடித்துத் தலையை முதலில் துவட்டுங்கள். காலில் கிடத்திக் குளிப்பாட்டுவதில் குறை ஒன்றும் இல்லை. கைதேர்ந்த பாட்டியின் காலில் கிடக்கும் குழந்தை அடையும் சுகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எண்ணெயை மெல்லத் தடவி நீவுவதும் நல்லதே.

ஆனால் எண்ணெயை மூக்கிலும் காதிலும் விடுவது நல்லதன்று. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் இருமல்கூட வராமல் அங்கேயே தங்கி நிமோனியாவாக மாறும். வாய்க்குள் விரலை விட்டுக் கோழை எடுப்பதும், மூக்கில் வாய் வைத்து ஊதுவதும் நம் வாயிலுள்ள கிருமிகளைக் குழந்தைக்குள் செலுத்தும் வழிகள். சாம்பிராணிப் புகை தலைமுடியை உலர்த்தும் என்பார்கள். உலர்ந்த பருத்தித் துண்டு அதைவிட நன்றாக உலர்த்தும், மூச்சுக்குழாயையும் எரிக்காது. கடையில் விற்கும் கண்மையில் ஈயம் கலந்திருக்கக்கூடும். கண்ணேறு கழிய வேண்டுமென்று மனம் கேட்கவில்லையா? உள்ளங்காலில் ஒரு சிறு பொட்டு வையுங்கள். கண்ணுக்கும் வாய்க்கும் அது எட்டாது. பவுடரை மட்டும் எங்கேயும் போட வேண்டாம்.

சேனை தொட்டு வைப்பது சற்று மென்மையாகப் பேச வேண்டிய செய்தி. குடும்பத்தில் நல்ல குணமுடைய ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாவில் வைத்தால் அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதில் உள்ள ஆசை அழகானது. ஆனால் ஒரு வயதுக்குள் தேன் தரக்கூடாது. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் அதில் இருக்கக்கூடும். தெருவில் கறந்து தரும் கழுதைப்பாலும் காய்ச்சாத பால்தான். சேனைக்கு வந்த பெரியவர் குழந்தையைக் கையில் ஏந்தி, காதருகே பெயர் சொல்லி வாழ்த்தட்டும். நாவில் படுவது தாயின் சீம்பாலாக மட்டும் இருக்கட்டும்.

தொப்புள்கொடியைப் பற்றிச் சொல்ல ஒரு வரலாறே உண்டு. சாணம், சாம்பல், மஞ்சள் என்று எதையெதையோ பூசிய காலத்தில், தூய்மையற்ற கத்தியால் கொடியை அறுத்த காலத்தில், நன்றாகப் பால் குடித்த குழந்தை ஓரிரு வாரத்திற்குள் வாய் திறக்க முடியாமல் உடல் விறைத்து இறந்துபோகும். இரண ஜன்னி என்றார்கள். கருவுற்ற தாய்க்குத் தடுப்பூசியும், தூய்மையான பிரசவமும் பரவிய பின்னரே அது அடங்கியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழாக அந்நோய் குறைந்து, 2015ஆம் ஆண்டில் இந்தியா அதனை நீக்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. இன்றுள்ள இளம் தாய்மார் அந்தச் சாவைக் கண்டதில்லை. பாட்டிமாரில் சிலர் கண்டிருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். கொடியை உலர விடுங்கள், உள்ளாடையைக் கொடிக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் தானே விழும். எங்கள் மருத்துவர் எழுதித் தந்தாலன்றி மருந்தும் வேண்டாம்.

இவ்வளவு விலக்குகளைச் சொன்னபின், பழியெல்லாம் பாட்டிமார் மேல் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 1840களில் வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவர் பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துத் தாய்மார் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவில் இறப்பு அதில் பாதிக்கும் குறைவு. பிண அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்த மருத்துவர்களின் கைகளே காரணம் என்று செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் கண்டார். 1847இல் குளோரின் கலந்த கரைசலில் கை கழுவிய பின்னரே உள்ளே வர வேண்டும் என்று விதித்தார். மறு ஆண்டில் இறப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கியது. சக மருத்துவர்கள் பலர் அதைத் தங்களுக்கு நேர்ந்த அவமதிப்பாகவே கொண்டார்கள். படித்தவர் கை தானாகவே சுத்தமாகிவிடாது என்பதை எங்கள் தொழில் ஏற்றுக்கொள்ளப் பல்லாண்டுகள் பிடித்தன. ஆகவே உங்கள் குழந்தையைத் தொட வரும் மருத்துவரிடமும், “கை கழுவிவிட்டீர்களா?” என்று தயங்காமல் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள். சிலர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

குழந்தையைக் கழுவுவதைக் காட்டிலும் குழந்தையைத் தொடும் கையைக் கழுவுவதே பெரிது. வளையலையும் மோதிரத்தையும் கழற்றி, நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டு இருபது நொடியாவது தேய்க்க வேண்டும். கழிவறை சென்று வந்த பின், துணி மாற்றிய பின், பால் கொடுக்குமுன், வெளியிலிருந்து வந்தவுடன் என்று இதற்கு நேரம் பார்க்க வேண்டும். கழுவிய கையால் கைப்பேசியை எடுத்து நாலு படம் பிடித்துவிட்டுக் குழந்தையைத் தூக்குவது எங்கள் வார்டில் நாள்தோறும் நடக்கிறது. கைப்பேசியைத் தொட்டால் மறுபடி கழுவ வேண்டும், அவ்வளவே.

பார்வையாளர்தான் பெருஞ்சிக்கல். சளியோடு வந்த சித்தப்பா குழந்தையின் கன்னத்தில் முத்தமிட முனைவார். “வேண்டாம்” என்று சொல்லும் வலிமை, மூன்று நாளுக்கு முன் பிரசவித்த பெண்ணுக்கு எங்கிருந்து வரும்? சொன்னால் மருமகளுக்குத் திமிர் என்பார்கள். இந்த வேலையைத் தந்தை ஏற்க வேண்டும் என்பேன். உறவினர் அவருடையவராயின் சொல்லும் கடமையும் அவருடையதே. அவருக்கும் தயக்கம் என்றால் எங்கள் மேல் பழியைப் போடுங்கள். “டாக்டர் யாரும் முத்தம் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அத்தை” என்று சொல்லிவிடுங்கள். ஒரு குடும்பத்தில் கெட்ட பெயர் எடுக்க யாராவது வேண்டுமென்றால், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

பாட்டிமார் சரியாகச் செய்வதையும் சொல்லாமல் விடலாகாது. பெற்றவளையும் பிள்ளையையும் கூட்டத்திலிருந்து விலக்கி ஓர் அறையில் வைக்கும் வழக்கம் கிருமிகளையும் விலக்குகிறது. துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டியைக் கிழித்து, வெயிலில் காயவைத்துக் கட்டும் துணி, விலையுயர்ந்த டயப்பரைவிடக் குழந்தையின் தோலுக்கு இதமானது. மூக்கு நீண்ட சிறு பாலாடை (சில ஊர்களில் சங்கு) பாட்டிமார் தந்த கொடை. நேராகப் பால் குடிக்க இயலாத குறைமாதக் குழந்தைக்கு, கறந்த தாய்ப்பாலை நாங்கள் அதில்தான் புகட்டுகிறோம். இடுக்கு இல்லாததால் பால்புட்டியைவிடக் கழுவுவது எளிது. கொதிநீரில் இட்டு எடுத்தால் தீர்ந்தது.

இன்னொன்று. குழந்தை “ஒரு மாதிரி இருக்கிறது” என்பதை முதலில் காண்பதும் பெரும்பாலும் பாட்டிதான். அந்தக் கண்ணுக்குச் சில அடையாளங்களைச் சொல்லிவைக்கிறேன். பால் குடிக்க மறுத்தல், தட்டி எழுப்பினாலன்றி அசையாதிருத்தல், உடல் சுடுதல் அல்லது வயிறு தொட்டால் குளிர்தல், நிமிடத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குதல், மார்புக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், வலிப்பு, தொப்புளைச் சுற்றிச் சிவத்தல் அல்லது சீழ், உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் பரவுதல். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உரைமருந்து இழைத்து நேரத்தைக் கழிக்காமல், நள்ளிரவானாலும் புறப்பட்டு வாருங்கள். வரும் வழியில் குழந்தை தாயின் மார்போடு ஒட்டி, போர்வைக்குள் இருக்கட்டும். “ஒன்றுமில்லை, கொண்டு போங்கள்” என்று நாங்கள் சொல்லி அனுப்பினால் அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

அடுத்த முறை வீட்டிற்கு அனுப்பும் தாளை எங்கள் செவிலியர் படித்துக் காட்டும்போது, வெளியே பிளாஸ்க்கோடு நிற்பவரையும் உள்ளே அழைத்து உட்கார வையுங்கள். இடமில்லை என்று நாங்கள் சொன்னால், ஒரு நாற்காலி கேளுங்கள்.